கார் சக்கரத்தில் கருப்புப் பொடி! கழுவத் தெரியாமல் கழுவினால் ஆபத்து

கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவித் துடைத்து நிறுத்துகிறோம். இரண்டு நாள் ஓடுகிறது. கதவும் கூரையும் சுத்தமாகவே இருக்கின்றன. சக்கரம் மட்டும் கருத்துப் போகிறது. அதிலும் முன் சக்கரங்கள் இரண்டும்தான் அதிகமாகக் கருக்கின்றன.

"எல்லாம் ரோட்டுப் புழுதி" என்று பலர் நினைக்கிறார்கள். புழுதி என்றால் நான்கு சக்கரத்துக்கும் ஒன்றுதானே? முன் சக்கரத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டுமா?

இந்தப் பொடி ரோட்டில் இருந்து வருவது அல்ல. காரிலேயே பிறப்பது. அதில் இருப்பது இரும்பு!

இந்த இரும்புப் பொடி, சக்கரத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். பல மாதம் பிடிக்கும். ஆனால் அதைப் போக்குகிறேன் என்று ஆசிட்டையும் கம்பி நாரையும் கையில் எடுப்பவர்கள், ஒரே காலைப்பொழுதில் சக்கரத்தைக் கெடுத்து விடுகிறார்கள்.

பொடி எங்கிருந்து வருகிறது?

சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வட்டமான தட்டு சுற்றுகிறது. வார்ப்பு இரும்பால் ஆன தட்டு. 'டிஸ்க்' என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் 'பேடு' என்னும் கட்டைகள் வந்து அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கிறதே, அதுபோலத்தான்.

உரசினால் தேயும். கட்டையும் தேய்கிறது, தட்டும் தேய்கிறது. தேய்ந்த பொடி சூடாகப் பறந்து வந்து சக்கரத்தில் ஒட்டுகிறது.

எவ்வளவு சூடு? கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் தட்டின் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டி, பல நூறு டிகிரிக்கும் ஏறும். கீழே வந்து நின்றதும் சக்கரத்துக்கு அருகே போனாலே அனல் அடிப்பது அதனால்தான்.

பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? காரின் கனமும் அப்படியே முன்பக்கம் சாய்கிறது. ஆகவே முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பொடியும் அங்கேதான் அதிகம். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் பின் சக்கரத்துக்கு இருப்பது 'டிரம்' பிரேக். அது டப்பாவைப் போல மூடியது. அதன் பொடியில் பெரும்பகுதி டப்பாவுக்குள்ளேயே தங்கி விடுகிறது.

சக்கரத்தில் ஒட்டிய இரும்புப் பொடி, மழை பட்டால் துருப்பிடிக்கும். துரு மேல் பூச்சுக்குள் பதியும். சிறு சிறு ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றும். பிறகு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அவை போகமாட்டா.

அலாய் சக்கரம் என்றால் என்ன?

அலாய் என்றால் கலப்பு உலோகம். கார் சக்கரத்தில் பெரும்பகுதி அலுமினியம். அதோடு 100க்கு 7 பங்கு அளவில் சிலிக்கானும், மிகக் கொஞ்சமாக மக்னீசியமும் சேர்த்து உருக்கி வார்ப்பார்கள்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1924ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லியான் நகரில் ஒரு பெரிய பந்தயம் நடந்தது. அதில் அறிமுகமான பூகாட்டி டைப் 35 கார்கள், அலுமினியத்தில் வார்த்த சக்கரங்களோடு வந்தன. கனம் குறைந்தால் வேகம் கூடும் என்பது கணக்கு. அலுமினியத்தின் கனம் இரும்பின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலாய் சக்கரத்தைத் தடிமனாக வார்க்க வேண்டியிருப்பதால், அந்த லாபம் முழுவதும் கைக்கு வராது.

நாம் தொட்டுப் பார்க்கும் பளபளப்பு, அலுமினியத்தின் பளபளப்பு அல்ல. உலோகத்தின் மேல் பெயிண்ட் இருக்கிறது. அதன் மேல் கண்ணாடி போன்ற 'லாக்கர்' பூச்சு இருக்கிறது. இந்தப் பூச்சுதான் சக்கரத்தின் உயிர். 'டயமண்ட் கட்' என்று சொல்லப்படும் சக்கரங்களில், முன்பக்கத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து மினுமினுப்பாக்கி இருப்பார்கள். அங்கே பெயிண்ட் கூடக் கிடையாது. லாக்கர் ஒன்றுதான் காவல்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள். கணவர் வாளியும் கையுமாக வாசலில் நிற்கிறார். சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"கொஞ்சம் புளி கொண்டு வா. சக்கரத்தைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி விடுகிறேன்."

"ஏங்க, புளி பித்தளைக் குடத்துக்குங்க. அலுமினியச் சட்டியிலே புளிக் குழம்பை ராத்திரி முழுக்க வைத்தால் என்ன ஆகும்? சட்டி அரித்துப் போகாதா? உங்க சக்கரமும் அந்தச் சட்டி ஜாதிதானே!"

அம்மையார் சொல்வது சரி. அலுமினியம் ஒரு விசித்திரமான உலோகம். அதற்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. ஆசிட்டும் அரிக்கும், சலவைச் சோடா, காஸ்டிக் சோடா போன்றவையும் அரிக்கும். லாக்கர் முழுசாக இருக்கும் வரையில் புளித் தண்ணீர் உடனே ஒன்றும் செய்துவிடாது. ஆனால் பிளாட்பாரத்தில் உரசிக் கீறல் விழுந்த இடத்தில் உலோகம் திறந்து கிடக்கிறது. அங்கே புளிப்பு புகும். கம்பி நாரும் உப்புத்தாளும் இன்னும் மோசம். லாக்கரையே சுரண்டி எடுத்து விடும்.

பூச்சு போனால் அழகு மட்டும்தான் போகும் என்று எண்ண வேண்டாம். கீறல் வழியே நுழைந்த ஈரமும் உப்பும், லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகளாகப் பரவும். அந்த அரிப்பு டயர் உட்காரும் விளிம்பு வரையில் போய்விட்டால் வந்தது தொல்லை. இன்றைய கார் டயர்களில் டியூப் கிடையாது. டயரும் சக்கர விளிம்பும் நெருங்கி ஒட்டியிருப்பதால்தான் காற்று நிற்கிறது. விளிம்பில் வெள்ளைப் பொடி கட்டினால் சந்து விடும். காற்று கசியும். பங்க்சர் கடைக்காரர் ஆணியைத் தேடுவார். ஆணி இருக்காது!

கையைத் தின்னும் அமிலம்

கழிவறை கழுவும் ஆசிட்டைச் சக்கரத்தில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது சக்கரத்தோடு சேர்த்து பிரேக் பாகங்களையும் போல்ட்டுகளையும் அரிக்கும்.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. சக்கரம் கழுவுவதற்கென்றே விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோபுளூரிக் அமிலமோ, அம்மோனியம் பைபுளூரைடோ கலந்திருக்கும். அழுக்கு நொடியில் போய்விடும். ஆனால் அந்த அமிலம் தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் அது தோலைக் கடந்து உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு பாதிக்கப்படும். அதிக அளவில் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறி உயிருக்கு ஆபத்து ஏற்படும்.

பட்டுவிட்டால், நனைந்த துணியை உடனே கழற்றிவிட்டுத் தண்ணீரை நிறைய விட்டுக் கழுவ வேண்டும். வலி இல்லை என்று சும்மா இருக்கக் கூடாது. புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் என்ற மருந்தை டாக்டர்கள் இதற்குக் கொடுப்பார்கள்.

வாட்டர் வாஷ் கடையில் காரை விடும்போது, "சக்கரத்துக்கு என்ன மருந்து போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. கையுறை இல்லாமல், வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நாள் முழுவதும் நிற்பவர் ஒரு குடும்பத்தின் பிள்ளை.

சரி, கழுவுவது எப்படி?

முதலில் சக்கரம் ஆற வேண்டும். ஓடி வந்த காரை உடனே கழுவக் கூடாது. சூட்டில் சோப்பு காய்ந்து திட்டாகிவிடும். கொதிக்கும் பிரேக் தட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் நல்லதல்ல. நிழலில் நிறுத்தி, கை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். சக்கரம் துடைத்த துணியில் இரும்புத் துகள் இருக்கும். அதே துணியால் கதவைத் துடைத்தால் பெயிண்டில் கோடு கோடாக விழும்.

முதலில் வெறும் தண்ணீரை வேகமாக அடித்து, ஒட்டாத பொடியைப் போக்குங்கள். பிறகு கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மெத்தென்ற தூரிகையை நனைத்துத் தேயுங்கள். ஒரு சக்கரத்தைத் தேய்த்து, அது காய்வதற்குள் கழுவிவிட்டுத்தான் அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டும். கம்பிகளின் இடுக்கு, போல்ட்டுக் குழி, சக்கரத்தின் உள்பக்கம் ஆகிய இடங்களில்தான் பொடி அடை அடையாக ஒளிந்திருக்கும். உள்பக்கம் தேய்க்கும்போது கவனம். அங்கே சிறு ஈயக் கட்டிகளோ இரும்புக் கட்டிகளோ ஒட்டியிருக்கும். அழுக்கு என்று அவற்றைப் பெயர்த்து எடுத்துவிடாதீர்கள்! அவை 'பேலன்சிங்' எடைகள். ஒன்று விழுந்தாலும் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் ஆடும்.

ஆரஞ்சுப் புள்ளிகள் மட்டும் போகவில்லையா? அதற்கென்று இரும்பு நீக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. தெளித்த சில நிமிடங்களில் சக்கரத்தில் ஊதா நிறமாக வழியும். பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இரும்போடு மருந்து சேர்வதால் வரும் நிறம் அது. நாற்றம் குடலைப் புரட்டும். அழகு நிலையங்களில் தலைமுடியைச் சுருளாக்கும் மருந்தின் இனம்தான் அது. கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் தெளியுங்கள். காயவிடாமல் கழுவுங்கள்.

கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் உள்ள ஊர்களில் இது கட்டாயம். உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளை விட்டுவிட்டுப் போகும்.

பிறகு காரைத் தெருவில் மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை பிரேக்கை மிதியுங்கள். தட்டில் உள்ள ஈரம் போய்விடும். மறுநாள் தட்டில் செந்துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம். சில தடவை பிரேக் பிடித்தால் தானாகத் தேய்ந்து போகும்.

காவல் பூச்சு

சுத்தமான சக்கரத்தில் மெழுகு பூசினால் பொடி எளிதில் பதியாது. அடுத்த முறை கழுவுவது சுலபம். மெழுகு சில வாரம் தாங்கும். 'செராமிக்' பூச்சு பல மாதம் தாங்கும், செலவும் அதிகம். ராமேசுவரம், தூத்துக்குடி, சென்னை போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்று இருப்பதால், இந்தச் செலவு வீண் அல்ல.

எதைப் பூசினாலும் துணியில் எடுத்துப் பூசுங்கள். மெழுகோ, டயரைப் பளபளப்பாக்கும் எண்ணெயோ பிரேக் தட்டில் படக் கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும். கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

பளபளப்பை ரசிக்கும்போது விளிம்பையும் ஒரு சுற்று பாருங்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்த சக்கரத்தில் மயிரிழை போல வெடிப்பு இருக்கலாம். வெடிப்பு தெரிந்தால் அந்தச் சக்கரத்தில் காரை ஓட்டக் கூடாது. வெல்டிங் வைத்து ஓட்டுவதையும்விட மாற்றிவிடுவதே நல்லது. சுத்தம் செய்வதற்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பூஜைக்குச் சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அவற்றைக் காயவிட்டு நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்கும் எலுமிச்சம் பழத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சாறு தெறித்த இடத்தில், கோயிலில் இருந்து திரும்பியதும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் போதும்.