கையில்லாத சிலையும் ஏரிக்கரைப் பிரபுவும்

சுவிட்சர்லாந்தின் லொசான் பேராலயத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. மேலே போர்வீரன் ஒருவன் கல்லில் படுத்திருக்கிறான். அவனுக்குக் கைகள் இல்லை.

ஊரில் இதற்கு நெடுங்காலம் ஒரு கதை சொன்னார்கள். மூன்றாம் ஓத்தோ என்ற கவிஞரான பிரபு நஞ்சு வைத்த வழக்கில் சிக்கினார். தன் நேர்மையை நிரூபிக்க 1397இல் ஒற்றைக்கு ஒற்றை மோதி மாண்டார். தோற்றவர் என்பதால் கைகளை வெட்டினார்கள் என்பது அந்தக் கதை. மோதலும் மரணமும் உண்மை. ஆனால் கல்லறை அவருடையதல்ல. அதே குடும்பத்தின் மூத்தவரான முதலாம் ஓத்தோவினுடையது.

நூஷத்தேல் ஏரிக்கரையில் உள்ள கிரான்சோன் கோட்டைதான் அவர் ஊர். 1238ஐ ஒட்டிப் பிறந்து 1328இல் இறந்தார். தொண்ணூறு வயது, அக்காலத்தில் நம்பவே கடினம். அப்போது அந்தப் பகுதி சவோய் பிரபுக்களின் ஆட்சியில் இருந்தது. இங்கிலாந்து அரசி எலினோரின் தாய்மாமன் சவோயின் பீட்டர். அந்த உறவு வழியாக ஏரிக்கரை இளைஞர்கள் பலர் கடல் கடந்தார்கள். ஓத்தோ இளவரசர் எட்வர்டின் உற்ற தோழரானார். எட்வர்ட் அரசரானதும் கால்வாய்த் தீவுகளை அவரிடம் ஒப்படைத்தார். 1284இல் வட வேல்ஸின் நீதி நிர்வாகத்தையும் கொடுத்தார். 1299இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குப் பாரனாக அழைப்பு வந்தது.

எனக்கு வியப்பு, எட்வர்ட் வேல்ஸில் கட்டிய கோட்டைகளின் சுவரில் இருக்கிறது. ஹார்லெக், கான்வி கோபுரங்களில் வரிசையாகச் சிறு துளைகள். கட்டும்போது சாரக் கம்புகளைச் செருகிய இடங்கள் அவை. வழக்கமாக இவை அடுக்கடுக்காகக் கிடைமட்டத்தில் இருக்கும். இங்கோ கோபுரத்தைச் சுற்றிச் சாய்வாக ஏறுகின்றன! சாரமே சாய்பாதையாகிவிட, ஏணி இல்லாமல் கல்லும் காரையும் மேலே போகும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சாரப்பள்ளத்திலிருந்து சாய்பாதை போட்டார்கள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்த யோசனை உடனே புரியும். சுவிட்சர்லாந்தின் சையோன் ஊரில், வேல்ஸ் கோட்டைகளுக்கு இருபது ஆண்டு முன்னால் எழுந்த கோபுரத்திலும் இதே சுழல் துளைகள் உள்ளன.

இரண்டையும் கணக்கேடுகளோடு ஒப்பிட்டு 20ஆம் நூற்றாண்டில் முடிச்சை அவிழ்த்தவர் வரலாற்றாய்வாளர் ஆர்னால்ட் டெய்லர். வேல்ஸ் கோட்டைகளைக் கட்டும் பொறுப்பிலிருந்த கொத்தர் ஜேம்ஸ், 1261இல் கிரான்சோனுக்குப் பக்கத்திலேயே இவெர்தோன் கோட்டையில் தன் தந்தையோடு வேலை பார்த்தவர். ஏடுகள் அவரை 'மாகிஸ்தர்' என்கின்றன. அதே லத்தீன் சொல்தான் போர்ச்சுகீசியர் வழியாக நம் 'மேஸ்திரி' ஆனது.

ஓத்தோவுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி வில்லியம் இங்கிலாந்திலேயே மணமுடித்துத் தங்கிவிட்டார். அவர் மகன் ஜான் 1327இல் எக்ஸெட்டரின் ஆயரானார்.

ஓத்தோ மட்டும் திரும்பினார். இடையில் 1291இல், ஆக்கர் நகரம் வீழ்ந்த சிலுவைப் போரிலிருந்தும் உயிரோடு மீண்டிருந்தார். அவர் லொசானுக்குத் தந்த பைசாந்திய பாணிப் பூத்தையல் பீடத்துணி இன்று பெர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அன்னை மரியாவின் முன் மண்டியிட்டிருக்கிறார். நூலில் தைத்த அந்தக் கைகள் குவிந்தபடியே இருக்கின்றன.