விதைக்கும் இரவல் அட்டை

பழைய நூலகங்களில் நூற்பட்டியல் அட்டைகளை அடுக்கிய மர இழுப்பறைகள் இருக்கும். கணினி வந்ததும் அவற்றுக்கு வேலை போயிற்று. அமெரிக்காவில் சில ஊர் நூலகங்கள் அவற்றைப் பழைய சாமான் கடைக்குப் போடாமல் உள்ளே விதை உறைகளை அடுக்கிவிட்டன. இழுத்தால் தக்காளி, பீன்ஸ், கீரை. எடுத்துப்போய் விதைக்கலாம், காய்த்ததைச் சமைக்கலாம், நாலைந்து காயை முற்றவிட்டு விதையெடுத்து அடுத்த பட்டத்துக்குத் திருப்பித் தரலாம். இதற்கு ‘விதை நூலகம்’ என்று பெயர். கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் பொது நூலகத்தில் 2010-ல் தொடங்கியது பல ஊர்களுக்கு முன்மாதிரியானது.

இந்த விதை உறைகளை நூலக விழாவிலும் மேசை போட்டு வைக்கலாம். நூலகம் நடத்தும் சுற்றுச்சூழல் விழா என்றால் மண்புழு உரம், துணிப்பை, பழுது பார்க்கும் மேசை எல்லாம் இருக்கும். அவற்றைக் கல்யாண மண்டபத்திலும் நடத்தலாம். நூலகத்துக்கே உரியது விதை மேசைதான்: எடு, பயன்படுத்து, திருப்பிக் கொடு.

இதில் சட்டம் குறுக்கிட்ட கதையும் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில் மெக்கானிக்ஸ்பர்க் என்ற ஊர். அங்குள்ள ஜோசப் டி. சிம்சன் பொது நூலகம் 2014 ஏப்ரலில் விதை நூலகம் திறந்தது. சில மாதங்களுக்குள் மாநில வேளாண் துறையிடமிருந்து கடிதம் வந்தது. 2004-ம் ஆண்டின் விதைச் சட்டப்படி, விதையை விநியோகிப்பவர் அதன் முளைப்புத் திறனையும் தூய்மையையும் சோதித்து, விவரச்சீட்டு ஒட்ட வேண்டும் என்றது துறை. சட்டம் எழுதப்பட்டது விதை நிறுவனங்களை மனதில் வைத்து. முறையான முளைப்புச் சோதனைக்கு 400 விதை வேண்டும். வீட்டுத் தோட்டக்காரர் தரும் உறையில் இருப்பதோ இருபது. கடையில் வாங்கிய, அந்த ஆண்டு விதையை மட்டும் கொடுக்கலாம், அல்லது மக்கள் தாங்களே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் நாளொன்றை நடத்தலாம் என்று முடிவானது. ஆக, இழுப்பறையில் ஆண்டெல்லாம் கிடக்க வேண்டியது, ஒருநாள் திருவிழாவாக வெளியே வந்தது. 2016-ல் அந்தத் துறையே, வணிக நோக்கமில்லாத விதை நூலகங்களுக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று தெளிவுபடுத்தியது. கலிஃபோர்னியாவும் அதே ஆண்டில் இதற்கெனச் சட்டத்தைத் திருத்தியது.

என்னைக் கேட்டால், சட்டத்தைவிடப் பெரிய தடை இன்னொன்று. எடுத்தவர் திருப்பித் தருவது குறைவு. சோம்பல் மட்டும் காரணமல்ல. விதையெடுக்கத் தெரிய வேண்டும். வீரிய ஒட்டு ரகத் தக்காளியின் விதையைப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. பூசணியில் தேனீ புகுந்து வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்துவிடும். அடுத்த ஆண்டு என்ன காய்க்கும் என்பது அதற்கே வெளிச்சம். பீன்ஸ், பட்டாணி, நாட்டுத் தக்காளி ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் புதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

தக்காளி விதையெடுக்கும் முறையை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். நன்றாகப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, விதையைச் சாறோடு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். மேலே ஏடு படரும், வாடை அடிக்கும். முகம் சுளிக்கலாம், கொட்டிவிடக் கூடாது. விதையைச் சுற்றிய வழவழப்பு அந்தப் புளிப்பில்தான் கரையும். பிறகு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதந்து போகும். தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். விழா மேசையில் துண்டுப்பிரசுரத்துக்குப் பதில் இந்தக் கிண்ணம் இருந்தால் திரும்பி வரும் உறைகளின் எண்ணிக்கை கூடும் என்பது என் கட்சி.

நம் நாட்டில் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39-ம் பிரிவில், உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும்கூட உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டும்தான் தடை.

திருப்பிக் கொடுக்கும் கணக்கும் நமக்குப் புதிதல்ல. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய ரக விதை 2 கிலோ கொடுப்பார்கள். வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைவதற்குள் மீட்ட ரகங்கள் 174. அங்கே வட்டி விதையாகவே கட்டப்பட்டது.

ஆதிரெங்கம் இருக்கும் இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மன்னார்குடியில்தான் 1931 அக்டோபரில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்ய, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் தொடங்கி வைத்தார். வண்டி நிறையப் புத்தகம். சுற்றியுள்ள கிராமத்தார் வாங்கிப் படித்துத் திருப்பித் தந்தார்கள்.

இன்று கிளை நூலகம் ஒன்று விதை இரவலைத் தொடங்க நினைத்தால், ஈரம் படாத ஒரு அலமாரித் தட்டும் இரவல் பதிவேடும் போதும். உறையின் மேல் ரகத்தின் பெயர், எந்த ஊர்க் கொல்லையில் விளைந்தது, எடுத்த மாதம், ஆண்டு. வெங்காய விதை என்றால் ஆண்டைப் பெரிதாக எழுத வேண்டும். அதற்கு ஆயுள் ஓராண்டு, தப்பினால் இரண்டு.