முதுகு சுடும் விளக்கு

எல்.இ.டி. பல்பு சூடே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டு வாசலில், நாலு பக்கமும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் 9 வாட் பல்பு ஒன்றை மாட்டினேன். 6 மாதத்தில் போய்விட்டது. கூடவே வாங்கிய இன்னொரு பல்பு, சமையலறையில் திறந்த ஹோல்டரில் இன்றும் எரிகிறது.

ஏன் இப்படி?

பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் கம்பி, சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் தகதகக்கும். வெப்பத்தில் பெரும்பகுதியை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.இ.டி. அப்படியல்ல. அது மிளகைவிடச் சிறிய சில்லு. வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அதிலும் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஆனால், அந்த வெப்பம் ஒளியோடு போகாது. சில்லின் முதுகு வழியாகத்தான் இறங்க வேண்டும். இறங்க வழியில்லை என்றால் வெளிச்சம் மங்கும், ஆயுள் குறையும். பல்புக்குள் இருக்கும் மின்தேக்கியும் சூட்டில் காய்ந்து கெடும். நீல ஒளி எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை என் வீட்டுக் கண்ணாடிக் கூண்டு கொன்றுவிட்டது, பாருங்கள்!

வெப்பத்தை இறக்கத்தான் முதுகில் அலுமினியம் வைக்கிறார்கள். பெரிய விளக்குகளில் அது சீப்புப் பல் போல வரிசைத் தகடுகளாக இருக்கும். தகட்டுச் சூட்டைக் காற்று அள்ளிச் செல்ல வேண்டும். மேடை விளக்கு, புரொஜெக்டர் போன்றவற்றில் இதற்காகவே சின்ன ஃபேன் உண்டு.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன், அறிவியல் கண்காட்சிக்கு ஒரு விளக்கு செய்தான். மரப்பெட்டியின் முன்னே எல்.இ.டி., உள்ளே அலுமினியத் தகடு, பின்சுவரில் துளை போட்டு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன்.

"தாத்தா, ஃபேன் ஓடுது... ஆனாலும் தகடு சுடுதே!" என்றான்.

ஃபேன் காற்றை வெளியே இழுத்துக் கொண்டிருந்தது. இதில் என்ன தவறு? ஒரு குச்சியில் காகிதத் துண்டைக் கட்டி, ஓடும் டேபிள் ஃபேன் முன்னால் ஓரடி தள்ளிப் பிடியுங்கள், படபடவென்று அடிக்கும். பின்னால் அதே தூரத்தில் பிடித்தால், லேசாகத்தான் அசையும். ஊதும் காற்று ஒரே பக்கம் பாயும். இழுக்கும் காற்றோ எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாக வரும்.

"வயரை மாத்திக் கொடுத்துடவா?" என்றான். கூடவே கூடாது! கம்ப்யூட்டர் ஃபேன் அப்படி எதிர்ப்பக்கம் சுழலாது, கெட்டும் போகலாம். ஃபேனையே திருப்பி மாட்டினோம். பொதுவாக, மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் காற்று வெளிவரும். சில ஃபேன்களில் அம்புக்குறியே போட்டிருக்கும்.

அப்புறமும் சூடு தணியவில்லை. உள்ளே போன காற்று வெளியேற வழி எங்கே? பெட்டியின் மேல்பக்கம் 8 துளைகள் போட்டோம். கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று! கொஞ்ச நேரத்தில் தகட்டுச் சூடு இறங்கிவிட்டது.

நீங்கள் செய்வதானால் பெரியவர்களை வைத்துக்கொண்டு, 12 வோல்ட் அடாப்டரில் மட்டும் செய்யுங்கள். 230 வோல்ட் பல்பை ஒருபோதும் பிரிக்கக் கூடாது.

வாசல் கூண்டின் அடிமூடியையும் கழற்றிவிட்டேன். புது பல்பு நன்றாக எரிகிறது. என்ன, நாலைந்து பூச்சிகளும் குடிவந்துவிட்டன!