வேட்டைநாய்க்கு முதலில் பூச்சிக் குளிசை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நாய் வாசலோடு நின்றுவிடுகிற பிராணியல்ல. வேளாண்மைக் காலத்தில் வாடியடியில் படுத்திருந்து, இரவில் பன்றி இறங்கினால் விரட்டி ஓடுவதும், பட்டி மாடுகளோடு மேய்ச்சல் தரைக்குப் போவதும் அதுதான்.  1911இல் ஒட்டுண்ணி ஆய்வாளர் ஆர்தர் லூஸ், இலங்கைப் புனுகுப்பூனையின் குடலில் கிடைத்த கொக்கிப்புழுவுக்கு இந்தத் தீவின் பெயரை வைத்து 'அன்சைலோஸ்டோமா சிலானிக்கம்' என்றார். இன்று நாய் மெலிந்து ஓட்டம் குறைந்தால் கல்சியமும் இரும்புச்சத்துப் பாணியும் தேடிக் கடைக்குப் போகிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது லூஸ் பெயரிட்ட அந்தப் புழுவையும் அதன் இனத்தாரையும்தான்.

வாவியோரத்தின் சூடான ஈரமண் கொக்கிப்புழுக் குடம்பிகளுக்கு வாய்ப்பான இடம். அவை பாதத் தோலைத் துளைத்தோ வாய்வழியாகவோ உள்ளே போகும். நாய்களில் அதிகம் காணப்படும் கெனைனம் என்ற இனம் தாய்ப்பாலோடும் குட்டிக்குப் போய்ச் சேரும். இந்த இனத்தின் ஒரு புழு நாளொன்றுக்கு 0.1 மில்லிலீட்டர் இரத்தம்வரை போக்கக்கூடியது. ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் இருக்கும் இரத்தமே ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிலீட்டர்தான். நூறு புழு இருந்தால் தினமும் அதில் பத்து போகும். புழுவை வெளியேற்றாமல் இரும்புப் பாணி ஊற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புகிற வேலை. உண்ணி பரப்பும் பபேசியா நோயின் கதை வேறு. அந்தக் கிருமி சிவப்பணுக்களை உடைக்கிறது. உடைந்த அணுக்களின் இரும்பு பெரும்பாலும் உடம்பிலேயே தங்கிவிடுவதால் பாணிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு வெளிறியிருந்தால், அல்லது சிறுநீர் கடுஞ்சாயத் தேநீர் நிறத்தில் போனால், அன்றே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஊர் நாய்க்கு இதெல்லாம் பழகிப்போன ஒன்று என்பார்கள். நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்த நாய்களை மட்டுமே. செத்த குட்டிகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. சத்து மருந்தால் கெடுதல் வராது என்ற வாதமும் நிற்காது. 1980களில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு மிகைக் கல்சியம் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு வளர்ச்சியே கோணியது. குட்டிப் பருவத்தில் மிகையான கல்சியத்தைக் குடல் தடுத்து நிறுத்துவதில்லை. ஆனால் ஓடுகிற நாய்க்குச் சோறும் குழம்பும் போதாது என்பது சரியான பேச்சு. கொழுப்பு, அதே எடைச் சோற்று மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கு மேல் சக்தி தரும். தசைக்குப் புரதம் வேண்டும். முள்ளோடு அவித்து மசித்த நெத்தலியும் முட்டையும் சோற்றில் சேர்ந்தால் புரதம், கொழுப்பு, கல்சியம் மூன்றுமே கிடைக்கும். மீனைப் பச்சையாகப் போடக் கூடாது: சில மீன்களிலுள்ள தயமினேஸ் என்ற நொதியம் பி1 விற்றமினை அழிக்கும், அவித்தால் அது செயலிழந்துவிடும். கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம்.

குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், எடைக்கேற்ற அளவில் பூச்சிக் குளிசை கொடுக்க வேண்டும். குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிலானிக்கம் மனிதக் குடலிலும் முழுமையாக வளரக்கூடிய புழு. நாய் மலம் கழித்த ஈர மணலில்தான் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள்.