வியூக விளையாட்டுக்கு எவ்வளவு யந்திர பலம் வேண்டும்?

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று புதிதாக வெளிவரும்போதெல்லாம், அதை ஓட்டுவதற்கு இன்ன பிராசஸர், இவ்வளவு ரேம், இன்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்று ஒரு பட்டியலும் கூடவே வருகிறது. அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போவதை முன்னேற்றத்தின் லட்சணமாகவே பலர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். துப்பாக்கி ஏந்தி ஓடும் விளையாட்டுகளுக்கும் கார்ப் பந்தயங்களுக்கும் இது ஒருவாறு பொருந்தும். அவற்றில் கண்முன் விரியும் காட்சியே பாதி அனுபவம். ஆனால் ஊர் அமைத்து, பொருள் சேர்த்து, படை திரட்டி, எதிரியின் எண்ணத்தை முன்கூட்டி ஊகித்து ஆடும் வியூக விளையாட்டுகளில், யந்திரத்திடம் கேட்கப்படும் கூடுதல் பலம் ஆடுகிறவருடைய தீர்மானங்களில் ஒன்றையாவது மாற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் அதை லாபமென்றோ நஷ்டமென்றோ நிர்ணயிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் ரெசல்யூஷனை எடுத்துக்கொள்வோம். 1997இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டில் ஒவ்வொரு வீரனும், ஒவ்வொரு மரமும் இத்தனை பிக்சல் என்று அளவு குறித்து வரையப்பட்ட தட்டைச் சித்திரங்கள். ஆகவே 640க்கு 480 என்ற அளவில் ஆடுகிறவரைவிட 1024க்கு 768 என்ற அளவில் ஆடுகிறவருடைய திரையில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு நிலப்பரப்பு ஒரே சமயத்தில் தெரிந்தது. காட்டின் ஓரமாக வரும் குதிரைப்படை முன்னவருக்குத் திரைக்கு வெளியே இருக்கும்போதே பின்னவருடைய கண்ணில் பட்டுவிடும். அவர் வேலையாட்களைத் திரும்ப அழைத்து ஈட்டிக்காரர்களை முன்னே நிறுத்தவும் அவகாசம் கிடைத்துவிடும். திரையின் நுண்மை இங்கே அலங்காரமன்று, ஆட்டத்தின் விதிகளில் ஒன்றாகவே ஆகிவிடுகிறது. அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ எல்லோருக்கும் 640க்கு 480 என்ற ஒரே சாளரத்தைத்தான் கொடுத்தது. 2010இல் வந்த அதன் இரண்டாம் பாகமோ முப்பரிமாணத்துக்கு மாறியபோதிலும், எத்தனை பிக்சல் கூட்டினாலும் உருவங்கள் தெளிவடையுமே தவிரக் கூடுதலாக ஒரு சாண் நிலமும் தெரியாதபடி பார்வையின் உயரத்தைக் கட்டிப்போட்டது. அகன்ற மானிட்டர் வைத்திருப்பவருக்கு மட்டும் இருபக்கமும் சிறிது அதிகமாகத் தெரியும். பணம் படைத்தவருடைய திரை அவருக்குப் படைபலமாக மாறிவிடக்கூடாது என்ற நியாய உணர்ச்சியை இந்தக் கட்டுப்பாட்டில் நான் காண்கிறேன்.

இன்றைய 4கே திரையில் அந்தப் பழைய 640க்கு 480 திரையைப்போல் சரியாக 27 மடங்கு பிக்சல்கள் உள்ளன. பழைய முறையில் செய்யப்பட்ட விளையாட்டை அதில் அப்படியே போட்டால் வீரர்கள் எறும்புகளாகச் சுருங்கிவிடுவார்கள். எழுத்துகளைப் படிக்கவே முடியாது. எண்களும் அட்டவணைகளும் நிறைந்த வியூக விளையாட்டுக்கு, எழுத்தையும் பொத்தான்களையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதியில்லாத ரெசல்யூஷனால் பிரயோஜனமில்லை.

பிராசஸரின் கதை இதைவிடச் சுவாரசியமானது. தொலைபேசிக் கம்பியின் வழியே நொடிக்கு 28.8 கிலோபிட் மட்டுமே அனுப்பக்கூடிய மோடத்தை வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான வீரர்களின் இருப்பிடத்தைக் சேர்ந்து ஆடும் எட்டுப் பேருக்கும் கணந்தோறும் தெரிவிப்பது இயலாத காரியம். எனவே ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ குழுவினர் ஆடுகிறவர்கள் இடும் கட்டளைகளை மட்டும் அனுப்பிவிட்டு, முழு யுத்தத்தையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியே, ஆனால் அணுவளவும் பிசகாமல் ஒரே மாதிரியாகக் கணக்கிடும் முறையைக் கையாண்டார்கள். பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்கள். 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 16 மெகாபைட் ரேமும் கொண்ட யந்திரத்தில் இது ஓட வேண்டும் என்பதே அவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட எல்லை. ஆனால் இம்முறையில் தவிர்க்கவொண்ணாத ஒரு விளைவு உண்டு: எல்லா யந்திரங்களும் அடிக்கு அடி சேர்ந்தே நடக்க வேண்டியிருப்பதால், எட்டுப் பேரில் ஒருவருடைய கம்ப்யூட்டர் தடுமாறினாலும் மற்ற ஏழு பேரின் யுத்தமும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். துப்பாக்கி விளையாட்டில் பலவீனமான யந்திரம் பெரும்பாலும் அதன் சொந்தக்காரரையே வருத்தும்; இங்கே அது சபை முழுவதையும் வருத்துகிறது.

அதிக பலத்தைக் கேட்டு, அதற்கு ஈடாக உண்மையாகவே ஒன்றைத் தந்த விளையாட்டு என்று 2007இல் வெளிவந்த ‘சுப்ரீம் கமாண்டர்’ என்பதையே சொல்வேன். கிறிஸ் டெய்லர் வடிவமைத்த அவ்விளையாட்டின் மிகப் பெரிய களம் பக்கத்துக்கு 81 கிலோமீட்டர் என்ற கணக்கில் அமைந்தது. அங்கே பீரங்கிக் குண்டு ஒவ்வொன்றும் காற்றில் செல்லும் பாதை கணக்கிடப்படுகிறது. இடையில் ஏதேனும் குறுக்கிட்டால் குண்டு அதன்மேல் விழும். மவுஸின் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டிக்கொண்டே போனால், டாங்கியின் சங்கிலிச் சக்கரம் தெரிந்த இடத்திலிருந்து பார்வை மேலே மேலே எழும்பி, மலைகளும் கடலும் சிறுத்து, கடைசியில் களம் முழுவதும் ஒரே திரையில் அடங்கிவிடும்; அவ்வளவு பாடுபட்டு இழைத்த உருவங்களெல்லாம் மறைந்து, அவற்றின் இடத்தில் சிறு முக்கோணங்களும் சதுரங்களுமே நிற்கும். ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் பெரும்பொழுதும் இருப்பது அந்த உயரத்தில்தான். இரண்டாவது மானிட்டரை இணைத்து, ஒன்றில் முழுக் களத்தையும் மற்றொன்றில் போர்முனையையும் வைத்துக்கொள்ளவும் அது இடமளித்தது. கேட்ட பலத்தில் பெரும்பங்கு கணக்குக்கும் விஸ்தாரத்துக்கும் சென்றது. அதனால் ஆடுகிறவரின் எண்ணமும் விஸ்தரித்தது. ஆயினும் பல்லாயிரம் குண்டுகள் பறக்கும் பிற்பகுதியில் சிறந்த யந்திரங்களும் மூச்சுத் திணறின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறான உதாரணத்தைத் தென்கொரியாவில் காணலாம். பி.சி. பாங் என்று அவர்கள் அழைக்கும் வாடகைக் கம்ப்யூட்டர் நிலையங்கள் அங்கே 1990களின் கடைசியில் தெருவுக்குத் தெரு பெருகியபோது, அவற்றில் தேசிய விளையாட்டு என்று சொல்லுமளவுக்கு வேரூன்றிய ‘ஸ்டார்கிராஃப்ட்’ கேட்டதும் அதே 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தையும் 16 மெகாபைட் ரேமையும்தான். சாதாரண யந்திரம் போதுமானதாக இருந்ததால் ஆடுவோர் பெருகினார்கள். ஆடுவோர் பெருகியதால் உத்திகள் கூர்மையடைந்தன. 2017இல் அதன் சித்திரங்களை 4கே அளவுக்குத் திருத்தி மறுபதிப்புச் செய்தவர்கள், ஒரே சமயத்தில் 12 பேரை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம் என்ற பழைய நிர்ப்பந்தத்தைக்கூட மாற்றாமல் விட்டார்கள். ஆட்டத்தின் நடுவே எஃப்5 விசையை அழுத்தினால் புதிய சித்திரம் மறைந்து பழைய சித்திரம் வந்து நிற்கும். கவசத்தின் மடிப்பும் சுவரின் துருவும் போய்விடும். வீரன் நின்ற இடமும், அவன் துப்பாக்கி எட்டும் தூரமும், அவனுக்கு மிஞ்சியிருக்கும் உயிரும் இம்மியும் மாறுவதில்லை.

அழகு வேண்டாமென்று நான் வாதாடவில்லை. மணிக்கணக்காக உற்றுநோக்கும் களம் கண்ணுக்கு இதமாக இருப்பது நியாயமான ஆசையே. அந்த ஆசையின் விலையை ஆட்டத்தில் சேரும் ஒவ்வொருவரிடமும் கட்டாயமாக வசூலிப்பதுதான் தவறு. 2019இல் புதுப்பிக்கப்பட்ட ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தின் ஏற்பாடு எனக்கு மிகவும் விவேகமானதாகப் படுகிறது. தரவரிசைப் போட்டியில் இறங்குமுன் ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டரும் ஒரு சோதனை ஓட்டத்தில் தேற வேண்டும் என்று அதில் விதித்தார்கள். மற்ற எழுவரின் வேகத்தைக் காப்பதற்கு அது அவசியம். 4கே சித்திரங்களையோ தனிப் பொதியாக்கி, விரும்புகிறவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். அதை இறக்கியவரும் இறக்காதவரும் ஒரே களத்தில் எதிரெதிரே நின்று ஆடுகிறார்கள்.