துணி பேனர் முதல் ஃப்ளெக்ஸ் வரை... ராமேஸ்வரம் காற்று சொல்லும் விளம்பரப் பலகைகளின் கதை!

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக ராமேஸ்வரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால், கடலுக்கு முன்பே கண்ணில் படுவது விளம்பரங்கள்தான். லாட்ஜ், ஜவுளிக்கடை, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி... பெரும்பாலும் ஃப்ளெக்ஸ்தான். கடல் காற்றில் 'படபட'வென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் காற்று லேசானதல்ல. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. இரும்புப் பாலத்துக்கே அவ்வளவு எச்சரிக்கை. ஆனால், சவுக்குக் கம்பில் கயிறு கட்டி நிறுத்திய பேனருக்கு?

பாம்பேய் சுவரில் ஓட்டு வேட்டை

வெளிப்புற விளம்பரம் நேற்று வந்ததல்ல. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பாம்பேய் நகரச் சுவர்களில், 'இவருக்கு ஆதரவு தாருங்கள்' என்ற ரீதியில் தேர்தல் எழுத்துகளே கிடைத்திருக்கின்றன. 1796-ல் கல் அச்சு முறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு போஸ்டர்கள் பெருகின. 1830-களில் அமெரிக்காவில் சர்க்கஸ் கம்பெனிகளுக்காகப் பிரமாண்ட போஸ்டர்கள் அச்சாகின. இன்றைய ஹோர்டிங்குகளுக்கு அதுதான் முன்னோடி.

கட்டம் போட்டு வரைந்த காலம்

தமிழ்நாட்டில் இந்தக் கலையை வளர்த்தது சினிமா. சிறிய போட்டோவின் மீது கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் பெரிதாக்கி, ஏணியில் நின்று ஓவியர்கள் வரைவார்கள். 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்காக சென்னையில் மோகன் ஆர்ட்ஸ் வைத்த சிவாஜியின் 80 அடி கட் அவுட் இன்றும் பேசப்படுகிறது.

சின்ன ஊர்களில் சுவர்தான் விளம்பரப் பலகை. சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்துக் கோடு போட்டு, எனாமல் பெயின்ட்டில் எழுதுவார்கள். தேர்தல் நெருங்கினால், கட்சிக்காரர்கள் முன்கூட்டியே வெள்ளையடித்துச் சுவரைப் 'பிடித்து' வைப்பதும் உண்டு.

2000-களில் டிஜிட்டல் பிரின்டிங் ஊர் ஊராக வந்தது. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது, விலையும் குறைந்தது. தூரிகையை நம்பியிருந்த ஓவியர்கள் பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். ராமேஸ்வரம் கரையில் அந்தக் கைவண்ணத்தை இன்னும் பார்க்க முடிவது படகுகளில்தான். படகின் பெயரையும், 'ஐஎன்டி-டிஎன்-10' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பெயின்ட்டில் எழுதியிருப்பதைத் துறைமுகத்தில் பார்க்கலாம்.

பறிபோன உயிர்கள்

விலை குறைந்ததும் பேனர்கள் பெருகின. கூடவே ஆபத்தும் வந்தது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைக்கப்பட்டிருந்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் வந்த 23 வயது இளம்பெண் மீது விழுந்தது. நிலைதடுமாறிக் கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவரை வரவேற்க வைத்த பேனர் இல்லை அது; யாரோ வீட்டுத் திருமணத்துக்கு வைத்தது.

2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே ராட்சத விளம்பரப் பலகை சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில், புழுதிப் புயலில் பெரிய ஹோர்டிங் ஒன்று பெட்ரோல் பங்க் மீது சாய்ந்ததில் 17 பேர் பலியானார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாடு சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. நீதிமன்றங்களும் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கின்றன. ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் சில வாரங்கள் பேனர்கள் மறையும். அடுத்த முகூர்த்தத்தில் மறுபடி முளைக்கும்.

விழா முடிந்த பிறகு?

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி பிளாஸ்டிக். மண்ணில் மட்காது, எரித்தால் நச்சுப்புகை. குடிசைக்கூரைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போனது போக, மிச்சம் கிழிந்து காற்றோடு போகும். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடா தேசிய கடல் பூங்காவில் 21 தீவுகள் இருக்கின்றன. பவளப்பாறையும் கடல்பசுவும் கடலாமையும் வாழும் இடம் அது.

நம் வீட்டு விசேஷத்தை ஊருக்குச் சொல்ல ஆசைப்படுவதில் தப்பில்லை. அதற்குத்தான் இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்கிறதே! பேனர் வைத்தே ஆக வேண்டுமென்றால், அனுமதி வாங்குங்கள். சாலையை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். விழா முடிந்த அன்றே கழற்றுங்கள். முடிந்தால், ஊர் ஓவியரைக் கூப்பிட்டு ஒரு துணியில் எழுதச் சொல்லுங்கள். பார்ப்பவர் கண்ணும் அதில்தான் நிற்கும். ஒரு வீட்டில் அடுப்பும் எரியும்.