பூச்சின் கனம் காட்டும் கருவி

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். காண்போர் உள்ளம் கவரும் அதன் மூடுபனி, இரும்புக்கோ பகையாகும். ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடினால் துரு தோன்றும். வீட்டுக் கூரைத் தகடு, சாலையோரத் தடுப்புக் கம்பி, பள்ளி வாயிற்கதவு ஆகிய அனைத்திற்கும் வண்ணப்பூச்சே காப்பு. ஆயின் அப்பூச்சு போதிய கனம் உடையதா என்பதை எங்ஙனம் அறிவது? ஒருமுறை பூசியதும் மும்முறை பூசியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கண்ணால் காண்பதும் பொய் என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

பூச்சின் கனம் மைக்ரான் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். பூச்சைச் சுரண்டாமலும் சிதைக்காமலும் இதனை அளப்பதற்குக் காந்தவியல் துணைபுரிகிறது.

இரும்பின் மேலுள்ள பூச்சை அளக்கும் கருவியின் முனையில் கம்பிச்சுருள் ஒன்று உள்ளது. அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. முனை இரும்பை நெருங்க நெருங்க அப்புலம் வலுப்பெறும். இடையே பூச்சு தடித்திருப்பின் வலுக்குறையும். அவ்வேறுபாட்டைக் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம். ஆதலின் அதற்கு வேறு வழி உண்டு. உயர் அதிர்வெண் மின்னோட்டம் அவ்வுலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது; அவற்றின் எதிர்விளைவைக் கொண்டு கனம் கணிக்கப்படுகிறது.

அளப்போர் கருத்தில் கொள்ள வேண்டியன சில உள. பூசப்படாத தகட்டில் வைத்துக் கருவியைச் சுழியத்திற்குக் கொணர்தல் வேண்டும். கனம் தெரிந்த மென்தகடுகளை வைத்துச் சரிபார்த்தல் வேண்டும். பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே, பல இடங்களில் அளந்து சராசரி காணுதல் வேண்டும். மலைவீடுகளின் கூரைத்தகடு பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பாகும். அதன்மேல் காந்தக் கருவியை வைத்தால் துத்தநாகமும் வண்ணமும் சேர்ந்த கனமே கிட்டும். எனவே வண்ணம் பூசும் முன்னரும் அளந்து, கழித்துக் காண்பதே முறை. மிகுந்த கனமும் நன்றன்று. அது வெடித்து உரியக்கூடும்.

மலையில் பனி செய்வதைக் கடலோரத்தில் உப்புக்காற்று செய்கிறது. 1914இல் திறக்கப்பெற்ற பழைய பாம்பன் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் துருவோடு போராடியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலத்திற்குப் பாலிசிலாக்சேன் என்னும் சிறப்புப் பூச்சு தரப்பட்டுள்ளது. எத்துணைச் சிறந்த பூச்சாயினும் உரிய கனம் இல்லையேல் பயனில்லை.

இக்கருவி குறைவாகப் பூசியவரைக் காட்டிக்கொடுப்பது உண்மையே. ஆனால் நேர்மையாக உழைத்த தொழிலாளியின் மேல் எழும் வீண்பழியைத் துடைப்பதும் அதுவே. ஐயத்தால் தீர்ப்புக் கூறாது, அளந்தறிந்து கூறுவதே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் நெறி எனலாம்.